எஸ்ஸவீராவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: எதை எந்த நேரத்தில், எந்த வரிசையில் பார்ப்பது

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் உள்ள எஸ்ஸவீரா சின்ன ஊர். மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். அதனாலேயே பலர் காலையில் மாரகேஷிலிருந்து கிளம்பி, பதினொரு மணிக்கு இறங்கி, நான்கு மணிக்குத் திரும்பி விடுகிறார்கள். அந்த ஐந்து மணி நேரத்தில்தான் காற்று ஏறும், உச்சி வெயிலில் கல் வெளுத்துப்போய்த் தெரியும், மேலே ஏறிப் பார்க்க வேண்டிய மதிலில் கூட்டம் நெருக்கும். "மணல் முகத்தில் அடித்தது, மீன் சாப்பிட்டோம், வந்துவிட்டோம்" என்று மட்டும் சொல்லும் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே என்ன பார்ப்பது என்பதைவிட எப்போது பார்ப்பது என்பதுதான் முக்கியம். ஒரு முழு இரவு தங்குவதாக வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையைப் போட்டிருக்கிறேன். நண்பர்களையும் உறவினர்களையும் அழைத்துப் போய், அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்திய வரிசை இது.

1. கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மொராக்கோ விசா வேண்டும். விமான டிக்கெட்டுக்கு முன் அதை முடியுங்கள்.

அடுத்தது மாதம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வடக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று இங்கே பலமாக இருக்கும். பாய்மரப் பலகையோடு வருபவர்கள் அதற்காகவே வருகிறார்கள். ஊர் பார்க்க வருபவர்களுக்கு அக்டோபரும் நவம்பரும் இதமானவை. ஜூனில் க்னாவா இசை விழா நடக்கும். 1998இல் தொடங்கிய அந்த விழா நாட்களில் அறை கிடைப்பது கடினம். இசைக்காகப் போவதானால் மட்டும் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உடையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஆப்பிரிக்கா என்றதும் மெல்லிய பருத்திச் சட்டை மட்டும் எடுத்து வருகிறார்கள். கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த கடல் நீரோட்டத்தால், மாரகேஷ் 40 டிகிரியில் கொதிக்கும் நாளிலும் இங்கே மாலையில் உடம்பு நடுங்கும். காற்றுத் தடுக்கும் மேல்சட்டை ஒன்றும், காது மூடும் துணி ஒன்றும் போதும். குடை வேண்டாம், ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொள்ளும்.

பணத்தை மாரகேஷிலேயே கொஞ்சம் மாற்றி வையுங்கள். மொராக்கோ நாணயமான திர்ஹாமை நாட்டுக்கு வெளியே வாங்குவது எளிதல்ல. மீன் சந்தையிலும் கைவண்டிக்காரரிடமும் அட்டை செல்லாது. சின்ன நோட்டும் சில்லறையும் வேண்டும்.

பயண நாட்கள் ரமலானில் விழுகின்றனவா என்று பாருங்கள். பகலில் பெரும்பாலான உணவுக்கடைகள் மூடியிருக்கும். ஆண்டு முழுக்க ஒரு மணி நேரம் முன்னே ஓடும் மொராக்கோவின் கடிகாரத்தை அந்த மாதத்துக்கு மட்டும் பின்னே திருப்புவார்கள். கைபேசி தானாக மாற்றாவிட்டால் பஸ்ஸைத் தவறவிடுவீர்கள்.

2. வரலாற்றில் ஐந்து முடிச்சு மட்டும் போதும்

வரலாறு முழுவதையும் படித்துவிட்டுப் போக வேண்டாம், அங்கே போனதும் கலங்கிவிடும். ஐந்து காலங்களை மட்டும் நினைவில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் நின்று நினைத்துக் கொண்டால் தானாகப் பதியும்.

முதலாவது, எதிரே கடலில் தெரியும் தீவு. கி.மு. ஏழாம் நூற்றாண்டிலேயே பினீசிய வணிகர்கள் அங்கே வந்து போனார்கள். பின்னர் ரோமின் துணையோடு ஆண்ட மன்னர் இரண்டாம் ஜூபாவின் காலத்தில், முள்சங்கு வகை நத்தைகளிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். ரோமானிய மேட்டுக்குடியினரின் ஆடைக்கரைக்குப் போன சாயம் அது.

இரண்டாவது, 1506. போர்ச்சுக்கீசியர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

மூன்றாவது, 1760கள். இப்போது நீங்கள் நடக்கப்போகும் ஊர் இதுதான். சுல்தான் மூன்றாம் முகம்மது, அதாவது சீதி முகம்மது பின் அப்துல்லா, மாரகேஷுக்குப் பக்கத்தில் தன் பிடியில் இருக்கும் ஒரு துறைமுகம் வேண்டும் என்று நினைத்தார். அடங்காத தெற்குத் துறைமுகமான அகாதிரில் வணிகத்தை மூடிவிட்டு வணிகர்களை இங்கே வரச் சொன்னார். தியோடோர் கோர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வரைபடம் போட்டார். மற்ற மொராக்கோ ஊர்களில் சந்துகள் குடல் போல வளையும். இங்கே தெருக்கள் நேராக ஓடுவது அதனால்தான்.

நான்காவது, 1844 ஆகஸ்ட். அல்ஜீரியாவில் பிரான்ஸை எதிர்த்த அப்துல் காதிருக்கு மொராக்கோ உதவியது என்று பிரெஞ்சுக் கடற்படை ஊரைக் குண்டு போட்டுத் தாக்கியது.

ஐந்தாவது, 1912. மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் போனது. பணமும் கப்பலும் காசாபிளாங்காத் துறைமுகத்தின் பக்கம் திரும்பின. எஸ்ஸவீரா அப்படியே நின்றுவிட்டது. அந்த வறட்சிதான் பழைய ஊரை இடிபடாமல் காப்பாற்றியது என்பது என் எண்ணம். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது சேர்க்க ஒரு முழு ஊர் மிச்சம் இருந்தது.

புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு, மதிலைப் பார்த்ததும் "போர்ச்சுக்கீசியக் கோட்டை" என்பது. அது சுல்தானின் மதில். போர்ச்சுக்கீசியர் இங்கே இருந்தது கொஞ்ச காலம்தான்.

பெயரையும் பிரித்துக் கொள்ளுங்கள். ஐரோப்பியர் இதை மொகதோர் என்றார்கள். ஊருக்குத் தெற்கே அடங்கியிருக்கும் சீதி மொக்தூல் என்ற இறைநேசரின் பெயரிலிருந்து அது வந்தது என்பார்கள். எஸ்ஸவீரா என்ற பெயரை, மதிலைக் குறிக்கும் 'சூர்' என்ற அரபுச் சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். நம் 'சுவர்' போலவே ஒலிக்கிறது. இரண்டுக்கும் உறவில்லை, ஆனால் மறக்காது.

3. பஸ், மூட்டை, வாசல்

எஸ்ஸவீராவுக்கு ரயில் கிடையாது. மாரகேஷிலிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம். ரயில்வேயின் சுப்ராதூர் பஸ் மாரகேஷ் ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்து கிளம்பும். சி.டி.எம். பஸ்ஸும் உண்டு. திரும்பும் டிக்கெட்டையும் அன்றே எடுத்து விடுங்கள். ஞாயிறு மாலை பஸ்கள் நிறைந்துவிடும், எனக்கே இடம் கிடைக்காமல் போயிருக்கிறது.

வழியில் ஆர்கன் மரத்தில் ஆடுகள் நிற்பதைப் பார்க்கலாம். ஆர்கன் பழத்துக்காக ஆடு தானே மரம் ஏறுவது உண்மை. ஆனால் சாலையோரம் ஒரே மரத்தில் பத்து ஆடுகள் வரிசையாக நின்றால், படம் எடுப்பவரிடம் காசு வாங்க ஏற்றி நிறுத்தியவை. வெயிலில் இறங்க முடியாமல் நிற்கும் அவற்றுக்காக வண்டியை நிறுத்தாதீர்கள்.

பஸ் எந்த வாசலுக்கு அருகில் நிற்கும் என்று முன்பே கேளுங்கள். வாசலை 'பாப்' என்பார்கள். சுப்ராதூர் நிற்பது பாப் மாரகேஷ் பக்கம். பொதுப் பேருந்து நிலையம் வடகிழக்கில், பாப் துக்காலாவுக்கு வெளியே. தங்குமிடம் எந்த வாசலுக்குக் கிட்டே என்று தெரியாமல் இறங்கினால், பெட்டியை இழுத்துக்கொண்டு ஊரையே குறுக்கே கடக்க நேரும்.

மதிலுக்குள் கார் வராது. வாசலில் 'கரோஸா' எனப்படும் கைவண்டிகளோடு ஆட்கள் நிற்பார்கள். முதலில் கூலியைப் பேசி முடித்துவிட்டு, பிறகு பெட்டியை ஏற்றுங்கள். "ப்ஷ்ஹால்?" என்றால் எவ்வளவு. இந்த ஒரு சொல் இரண்டு நாளும் உதவும்.

4. அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அறை எந்த மாடியில்? பழைய வீடுகளின் படிகள் செங்குத்தானவை, குறுகலானவை. பெற்றோரோடு போனால் தரைத்தளமோ முதல் மாடியோ கேளுங்கள்.

அறைச் சுவர் கடலைப் பார்த்ததா? படத்தில் அழகாக இருக்கும். குளிர்காலத்தில் அந்தச் சுவர் வேர்க்கும், போர்வை ஈரமாக இருக்கும். கடலைப் பார்க்க மொட்டை மாடி போதும், தூங்க உள்பக்க அறை நல்லது.

அறையைச் சூடாக்க ஏதாவது உண்டா? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதைக் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

5. முதல் நாள் பிற்பகல்: கடலுக்குப் போகாதீர்கள்

வந்து இறங்கியதும் கால் தானாகக் கடற்கரைக்குப் போகும். அப்போதுதான் காற்று உச்சத்தில் இருக்கும். அதற்குப் பதில் ஊருக்குள் நுழையுங்கள். நேர்த்தெருக்களின் இருபக்க வீடுகளும் காற்றைத் தடுத்துவிடும்.

பாப் துக்காலாவில் தொடங்கித் தென்மேற்காக ஒரே கோட்டில் நடங்கள். ஊரின் முதுகெலும்பு இந்தத் தெரு. பெயர் இடையிடையே மாறும், கோடு மாறாது. துறைமுகப் பக்கத்திலிருந்து தொடங்கினால் முதல் நூறு அடியிலேயே நினைவுப்பொருள் கடைகள் பிடித்துக்கொள்ளும். துக்காலா முனையில் தொடங்கினால் புதினாக் கட்டு, செருப்புத் தைப்பவர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊர்க்காரர்களின் பக்கம் முதலில் தெரியும்.

நடுவில் வளைவுகள் சூழ்ந்த சந்தைப் பகுதி வரும், சூக் ஜ்தீத். ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் மசாலா, பழைய தானியச் சந்தை முற்றம். இப்போது எதையும் வாங்காதீர்கள். விலையை மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். நாளை வாங்கும்போது அந்த விலை கையில் இருக்கும்.

கோட்டின் தென்முனையில் மணிக்கூண்டு. அதைத் தாண்டினால் கஸ்பா. சுல்தானின் வணிகர்களுக்கு, 'துஜ்ஜார் அஸ்-சுல்தான்' என்பவர்களுக்கு, வீடும் கடனும் கொடுத்துக் குடியேற்றிய பகுதி. அவர்களில் பலர் யூதர்கள். ஒட்டக வரிசைகளில் வந்த தீக்கோழி இறகும் பிசினும் பாதாமும் இங்கிருந்து கப்பலேறின. இறங்கியவற்றில் ஒன்று சீனப் பச்சைத் தேயிலை. கடையில் உட்கார்ந்து புதினாத் தேநீர் ஒன்று சொல்லுங்கள். அந்தக் கோப்பைக்குள் இருப்பது இந்த ஊரின் பழைய வணிகம்.

கற்களையும் அருகில் போய்ப் பாருங்கள். வாசல் வளைவுகளின் மஞ்சள் கல் முழுக்க விரல்நுனி அளவு குழிகள். உப்புக்காற்று தின்றவை. தலைக்கு மேல் இருக்கும் பிறைச் செதுக்கல் கூர்மையாக இருக்க, இடுப்புயரத்துக் கல் தேன்கூடு போல அரித்திருக்கும் வாசல்களும் உண்டு.

6. முதல் நாள் மாலை: கடல் மதில்

சூரியன் விழ ஒரு மணி நேரம் முன்பு கஸ்பாவின் ஸ்காலாவுக்குப் போங்கள். ஸ்காலா என்பது பீரங்கி மேடை. சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு அட்லாண்டிக்கை நேராகப் பார்த்திருக்கிறது. மேற்கு முகம் என்பதால் காலையில் போனால் கல்லெல்லாம் நிழல். மாலையில்தான் மதில் நிறம் பிடிக்கும்.

பீரங்கிகளைக் குனிந்து பாருங்கள். பலவும் ஸ்பெயினில் வார்த்த வெண்கலம். பச்சை பூத்த முதுகில் வார்த்த ஊரும் ஆண்டும் எழுத்தாக ஓடும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் விரல் வைத்துத் தடவினால் தட்டுப்படும். படம் எடுக்கக் குழந்தைகளைப் பீரங்கி மேலும் மதில் விளிம்பிலும் ஏற்றாதீர்கள். காற்று திடீரென்று தள்ளும், கீழே பாறை.

இறங்கும் வழியில், மேடைக்கு அடியில், முன்பு வெடிமருந்து வைத்த அறைகளில் துயா மரத் தச்சர்கள் இருக்கிறார்கள். உள்ளூரில் இதை 'அர்ஆர்' என்பார்கள். அடிமரத்தைவிட வேர்க்கட்டிதான் விலை அதிகம், அதில் புள்ளிப் புள்ளியாக ரேகை ஓடும். நான் பார்த்த ஒரு தச்சர் எலுமிச்சை மரத்தின் வெளிர்மஞ்சள் இழையைத் தீக்குச்சியைவிட மெல்லியதாகச் சீவி, பெட்டி மூடியில் வெட்டிய பள்ளத்தில் பசை தொட்டு வைத்து, சுத்தியலின் பின்புறத்தால் தட்டாமல் அழுத்திக்கொண்டே போனார். ஒரு சாண் கோடு முடிய எனக்கு ஒரு தேநீர் ஆறிவிட்டது.

வாங்குவதானால் பெட்டியைத் திறந்து உள்ளே முகருங்கள். நல்ல துயா மிளகும் பிசினும் கலந்த மணம் வீசும். வெளியே பளபளத்து உள்ளே வார்னிஷ் நாற்றம் அடித்தால் வைத்து விடுங்கள். கீல் நேராக இருக்கிறதா, மூடி ஆடாமல் உட்காருகிறதா என்றும் பாருங்கள். மரம் மெதுவாக வளர்வது, வெட்டு அதிகம். பெரிய மேசையைவிட நல்ல வேலைப்பாடுள்ள சின்னப் பெட்டி ஒன்று வாங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

7. இரண்டாம் நாள் காலை: துறைமுகம், பிறகு கரை

எழுந்ததும் துறைமுகம். நீலப் படகுகள் ஒன்றோடொன்று உரசி நிற்கும், வலை பிரிப்பார்கள், பூனைகளும் கடற்காகங்களும் காத்திருக்கும். மீனவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வழுக்காத செருப்பு போடுங்கள், தரை முழுக்க மீன் தண்ணீர்.

ஊருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் உள்ள கடல் வாசலை நிமிர்ந்து பாருங்கள். முகப்பில் ஹிஜ்ரி 1184 என்று இருக்கும், நம் கணக்கில் 1770. இதைக் கட்டியவர் இஸ்லாத்துக்கு மாறிய ஓர் ஆங்கிலேயர் என்பார்கள்.

அருகிலுள்ள துறைமுக ஸ்காலாவுக்குக் கட்டணம் உண்டு. கொடுத்து ஏறுங்கள். ஊரை வெளியிலிருந்து முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அது. காலையில் வெளிச்சமும் உங்கள் முதுகுப்பக்கம் இராமல் பக்கவாட்டில் விழுந்து மதிலின் மடிப்புகளைக் காட்டும். மறுபுறம் தீவுகள். எலியனோரா வல்லூறுகள் அங்கே கூடு கட்டுவதால் இறங்க அனுமதி வேண்டும். படகில் சுற்றிக் காட்டுகிறேன் என்பவரிடம், இறங்குவதா சுற்றுவதா என்று தெளிவாகக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

அங்கிருந்து நேராகக் கரைக்கு. பதினொரு மணிக்குள் முடியுங்கள். தண்ணீர் கோடையிலும் சில்லிடும்.

8. மதிய உணவு

எளிய வழி இது: சூக் ஜ்தீத் மீன் பகுதியில் மீனை நீங்களே எடை போட்டு வாங்கி, பக்கத்தில் கரியடுப்பு வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சின்னக் கூலிக்குச் சுட்டு, ரொட்டியோடு தருவார். மத்தி மலிவு, சுடச்சுட அதைவிட ருசியானது இல்லை. நண்பகலுக்கு முன் போனால் நல்ல மீன் இருக்கும்.

மீனைத் தட்டில் அடுக்கிக் கையைப் பிடித்து அழைக்கும் கடைகளில் தவறு நடப்பது ஒரே இடத்தில்தான். கிலோ விலையைச் சொல்வார்கள், நீங்கள் தட்டு விலை என்று நினைப்பீர்கள். "எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று எழுதி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் காலையில் பிசாரா என்ற பருப்புக் கஞ்சி, மடித்துச் சுட்ட ம்ஸெமென், கத்தரிக்காய் ஸாலூக். ஹரீரா சூப்பிலும் காய்கறிக் குஸ்குஸிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். "ப்லா ல்ஹம்" என்றால் இறைச்சி இல்லாமல்.

ஆர்கன் எண்ணெயில் இரண்டு வகை. வறுத்த பருப்பிலிருந்து எடுத்தது சாப்பிட, வறுக்காதது பூச. ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கிவிட்டால் நினைத்த வேலைக்கு உதவாது. பெண்கள் கூட்டுறவுகளில் கொட்டையைக் கல்லால் உடைப்பதைப் பார்த்த பிறகு, மலிவாகக் கிடைக்கும் பெரிய பாட்டிலை நம்பத் தோன்றாது.

9. இரண்டாம் நாள் பிற்பகல்: மெல்லா

காற்று ஏறியதும் மறுபடி உள்ளே. வடக்கு மூலையில் இருப்பது மெல்லா, யூதக் குடியிருப்பு. 1807இல் சுல்தான் மௌலாய் ஸ்லிமான், கஸ்பாவில் இருந்த பெருவணிகர்கள் தவிர மற்ற யூதர்களை இங்கே ஒதுக்கினார். கஸ்பாவைப் பார்த்த பிறகு மெல்லாவுக்கு வரச் சொல்வது இதனால்தான். அங்கே உயரமான வாசலும் முற்றமும், இங்கே நெருக்கிய வீடுகள். ஒரே சமூகத்தின் இரண்டு நிலை அரை மணி நேர நடையில் தெரிகிறது.

ஒரு காலத்தில் ஊர் மக்களில் பாதிவரை யூதர்கள் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இஸ்ரேலுக்கும் பிரான்ஸுக்கும் போய்விட்டார்கள். பழைய தொழுகைக்கூடம் ஒன்றைச் சேர்த்து 2020இல் திறந்த பைத் தாகிரா என்ற நினைவகத்தை முதலில் பாருங்கள். பிறகு 1845இல் மறைந்த யூத மதகுரு, ரப்பி ஹயீம் பிண்டோவின் தொழுகைக்கூடம். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை யூதர்களின் ஓய்வுநாள், அப்போது இவற்றுக்காகத் திட்டமிடாதீர்கள்.

கதவுக்கு மேல் ஆறு முனை நட்சத்திரம் கண்டதும் யூதர் வீடு என்று முடிவு கட்டாதீர்கள். அக்கால மொராக்கோ சுல்தான்களின் செப்புக் காசிலும் அதே நட்சத்திரம் இருந்தது. இரு சமூகமும் பகிர்ந்த சின்னம் அது.

பாதி இடிந்த வீடுகளுக்குள் படம் எடுக்க நுழைய வேண்டாம். கூரை நிற்காது, சிலவற்றில் ஆட்களும் குடியிருக்கிறார்கள்.

10. நேரம் மிஞ்சினால்: க்னாவாவும் தியாபாத்தும்

க்னாவா இசைக்காரர்களின் முன்னோர் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். மூன்று நரம்புள்ள கும்ப்ரியும், இரும்புக் கைத்தாளமான க்ராகெப்பும் அவர்களுடையவை. உணவக வாசலில் கேட்பது ஒரு துளிதான். இரவு முழுக்க நடக்கும் 'லீலா' ஒரு சடங்கு, அழைத்தால் மட்டும் போக வேண்டும். அழைப்பு கிடைத்தால் கைபேசியைப் பைக்குள் வைத்து விடுங்கள்.

மூன்றாம் நாள் காலை இருந்தால் கரையோரமாகத் தெற்கே தியாபாத் கிராமம் வரை நடக்கலாம். க்ஸோப் ஆற்றின் முகத்தைக் கடக்க வேண்டும் என்பதால், கடல் வற்றும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மணலில் பாதி புதைந்து கிடக்கும் இடிபாடு போர்ஜ் அல்-பாரூத். அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டு சுல்தானின் காவல்கட்டடம்தான். அமெரிக்க கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதைப் பார்த்துத்தான் ஒரு பாட்டு எழுதினார் என்று வழியில் சொல்வார்கள். அவர் இங்கே வந்தது 1969இல், அந்தப் பாட்டு வெளிவந்தது 1967இல்.

போகும்போது காற்று எதிரே இல்லை என்று நீண்ட தூரம் போய்விடாதீர்கள். வடக்குக் காற்று போகையில் முதுகைத் தள்ளும், திரும்புகையில் மணலோடு முகத்தில் அடிக்கும். திரும்பும் நடைக்கு ஒன்றரை மடங்கு நேரம் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற பஸ்ஸுக்கு டிக்கெட் எடுங்கள்.